அஸ்தூரியாஸில் ஊற்றும் சீத்ரா

ஸ்பெயின் என்றதும் பாயேயாவையும் சங்கிரியாவையும் மட்டுமே நினைக்கிறவர்கள் ஒருமுறை வடக்கே அஸ்தூரியாஸ் போய் வாருங்கள். மழையும் பசும்புல்லும் ஆப்பிள் தோட்டங்களுமான பகுதி. அங்கே ஒயினைவிட, ஆப்பிளைப் பிழிந்து நொதிக்கவைக்கும் சீத்ராவுக்குத்தான் மரியாதை.

ஒவியேடோ நகரின் கஸ்கோனா தெரு நெடுக சீத்ராக் கடைகள். ஊற்றுபவர் பாட்டிலைத் தலைக்கு மேலே தூக்கி, இடுப்புக்குக் கீழே சாய்த்துப் பிடித்த கண்ணாடித் தம்ளரின் விளிம்பில் மெல்லிய தாரையாக விழவிடுகிறார். விழும் வேகத்தில் காற்று கலந்து நுரைக்கிறது. அந்த நுரை அடங்குமுன் குடித்துவிட வேண்டும். அதனால் ஒரு தடவைக்கு ஒரு மடக்குதான். கடைசிச் சொட்டுகளை, வாய் வைத்த விளிம்பு வழியாகவே சிந்திக் கழுவிவிடுகிறார்கள், அதே தம்ளர் அடுத்தவருக்குப் போகும் என்பதால். எச்சில் பார்க்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு, அந்தப் பகிர்தல்தான் எல்லாவற்றையும்விடப் பிடித்தது. 2024-இல் யுனெஸ்கோ இந்தச் சீத்ராப் பண்பாட்டை மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது மிகவும் நியாயம்.

கூடவே மலைக்குகையில் முதிர்ந்த, நீலம் பாய்ந்த கப்ராலெஸ் சீஸ் கேளுங்கள். நாக்கில் சுருக்கென்று தைக்கும். சீத்ராவின் புளிப்போடு அவ்வளவு பொருத்தம். பருத்த வெள்ளை பீன்ஸைச் சோரிசோ தொத்திறைச்சியோடு வேகவைக்கும் ஃபபாதா கனமான சாப்பாடு. அதை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.