ஏழு கிணறுகளும் ஒரு வாளியும்

கொட்டாஞ்சேனையில் நாம் குடியிருக்கும் ஒழுங்கையின் கோடியில் ஒரு தோட்டம் உண்டு. தோட்டம் என்றதும் மாவும் பலாவும் நினைவுக்கு வரவேண்டாம். நெருங்கிக் கிடக்கும் சிறு வீடுகளின் வரிசையையே கொழும்பில் அப்படி அழைக்கிறார்கள். அத்தனை குடும்பங்களுக்கும் ஒரே குழாய். அந்தத் தோட்டத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த துறைமுகத் தொழிலாளி ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன், புரட்டாதிக் கடைசியில் காலமானார். தொழிற்சங்கவாதி, கடவுளையும் சாதியையும் ஒருங்கே மறுத்தவர். ஐயரும் வேண்டாம், கிரியையும் வேண்டாம் என்று சொல்லிவைத்தே போனார். சாம்பலைக் கடலில் கரைத்தாயிற்று.

முப்பத்தோராம் நாள் நெருங்கியபோது அவருடைய மனைவி எம்மைத் தேடி வந்தார்.

“மாஸ்டர், என்னை ஒருக்காக் கன்னியாவுக்குக் கூட்டிக்கொண்டு போவீங்களோ?”

நாம் தயங்கினோம். கன்னியா வெந்நீரூற்று, அந்தியேட்டிக் கிரியைக்காக மக்கள் பரம்பரை பரம்பரையாகச் சென்ற இடம். நண்பரின் கொள்கைக்கு அவர் மறைந்த பின் துரோகம் செய்வதா? எம் முகத்தைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டார்.

“கிரியைக்கு இல்லை, மாஸ்டர். அந்தத் தண்ணியை ஒருக்காத் தலையில வார்க்க வேணும். அவ்வளவுதான்.”

ஐப்பசி மாதத்து இரவொன்றில் கோட்டையில் புகைவண்டி ஏறினோம். விடியும் வேளை கந்தளாய் கடந்து தம்பலகாமத்து வயல்வெளிகள் தெரிந்தன. வாடைக்காற்றோடு முதல் மழை இறங்கியிருந்தது. கூதிர்காலம் என்று பழந்தமிழர் பெயரிட்ட பருவம். சீனன்குடாவைத் தாண்டித் திருகோணமலையில் இறங்கி, அநுராதபுர வீதி வழியே கன்னியாவை அடைந்தோம்.

அங்கே வியப்பூட்டும் பெரும் கட்டடம் ஏதுமில்லை. அருகருகே ஏழு சிறு கிணறுகள். குனிந்தால் அடி தெரியும் ஆழம். கிணற்றுக்குக் கிணறு சூடு சற்று வேறுபடும். ஏறக்குறைய நாற்பது பாகை செல்சியஸ். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் வாளால் ஏழிடத்தில் குத்த, நீர் பீறிட்டது என்பது கர்ணபரம்பரைக் கதை. விஞ்ஞானம் கூறுவது வேறு. இலங்கையில் எரிமலை இல்லை. நிலத்தில் விழும் மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. ஒவ்வொரு கிலோமீற்றர் ஆழத்துக்கும் பூமியின் வெப்பம் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை வரை உயர்கிறது. அங்கே சூடேறிய நீர் மீண்டும் மேலெழுகிறது. மகாஓயாவிலும் மகாபெலெச்சவிலும் ஊறும் வெந்நீரின் கதையும் இதுவே.

அம்மா முதற் கிணற்றருகே நின்றார். வாளியை எடுக்கவில்லை.

“கலியாணம் முடிஞ்ச வருசம் அவர் என்னை இங்க கூட்டி வந்தவர். எங்கட ஊரில கிணத்துக் கட்டில நாங்கள் கை வைக்கேலாது, மாஸ்டர். குடத்தைக் கீழ வைச்சிட்டுக் காத்துக்கொண்டு நிக்க வேணும். ஆராவது மனம் வைச்சு வார்த்தால்தான் தண்ணி. இங்க வந்து நான் வழமை போலத் தள்ளி நிண்டன். ‘நீயே அள்ளு’ எண்டு அவர் வாளியைக் கையில தந்தார். அண்டைக்குத்தான் முதன்முதல் நான் கிணத்தில தண்ணி அள்ளினது.”

நாம் பேச்சற்று நின்றோம். கொள்கை என்று நாம் மேடையில் முழங்கியதை அவர் ஒரு வாளியாக மனைவியின் கையில் கொடுத்திருக்கிறார்! 1957ஆம் ஆண்டிலேயே சாதியின் பேரால் ஒருவரை ஒதுக்குவது குற்றமெனச் சட்டம் வந்துவிட்டது. ஆயினும் 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்தில் மக்கள் ஊர்வலமாகத் திரள வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் போராட வேண்டியிருந்தது. அந்த ஐப்பசி ஊர்வலத்தில் நடந்தவர்களில் எம் நண்பரும் ஒருவர்.

அடுத்த கிணற்றில் ஒரு சிங்களத் தாய் தன் குழந்தைக்கு நீர் வார்த்துக்கொண்டிருந்தார். வார்த்து முடித்ததும் அம்மாவைப் பார்த்து, ஒன்றும் பேசாமல் வாளியை நீட்டினார். அம்மா வாங்கிக்கொண்டு ஏழு கிணற்றிலும் அள்ளி அள்ளித் தலையில் வார்த்தார். மந்திரம் ஏதும் சொல்லவில்லை. அழுதாரா என்பதை அந்த நீர் மறைத்துவிட்டது.

இந்த நீருக்கும் உரிமை வழக்கு எழுந்தது. 2019 ஜூலையில், பழைய பிள்ளையார் கோயிலின் அத்திவாரம் இருந்த இடத்தில் தாதுகோபம் எழுப்பும் முயற்சிக்கு எதிராகத் தமிழ் மக்கள் திரண்டனர். திருகோணமலை மேல் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தலைமுறைகளாகத் துயரோடு வந்து சென்ற மக்களைக் கேளாது அவர்களின் இடத்தை மாற்றியமைக்க எந்த அதிகாரத்துக்கும் உரிமை இல்லை. அந்த எதிர்ப்பு நியாயமானது.

ஆனால் அதே மாவட்டத்து வெல்கம் விகாரையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற அந்தப் பௌத்தப் பள்ளிக்கு அளித்த தானங்களைச் சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் தமிழில் கூறுகின்றன. பதினோராம் நூற்றாண்டில் தமிழில் எழுதிப் புத்தனுக்கு விளக்கேற்றியவர்களை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது? பௌத்தச் சின்னம் கிடைத்த இடமெல்லாம் சிங்களவருடையது என்போருக்கும், தமிழர் வரலாற்றில் பௌத்தமே இல்லை என்போருக்கும் அந்தக் கற்கள் ஒரே பதிலைத்தான் சொல்கின்றன.

இன்னொன்றையும் நாம் மறைக்கலாகாது. “எங்கள் கன்னியா” என்று குரல் எழுப்பும்போது, எங்கள் ஊர்க் கிணற்றடியில் குடத்தைக் கீழே வைத்துக் காத்து நின்ற பெண் அந்த “எங்களு”க்குள் இருந்தாளா? தன் கிணற்றைப் பூட்டியவன் பிறர் பூட்டும்போது நீதி கேட்டால் அவன் குரலில் பாதி வலுவே இருக்கும். முழு வலுவும் வேண்டுமாயின் இரண்டு பூட்டையும் உடைக்க வேண்டும்.

மறுநாள் விடியற்காலை கொட்டாஞ்சேனைக்குத் திரும்பினோம். குழாயடியில் வழக்கம்போல வரிசை. தமிழ், சிங்களம், முஸ்லிம் என எல்லா வீட்டுக் குடங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அம்மா பயணப் பையை வாசலில் வைத்துவிட்டுத் தன் குடத்தை எடுத்துவந்து கடைசியில் வைத்தார்.

கன்னியாவுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரிய நண்பர்களே, இராவணன் கதையைச் சொல்லுங்கள். பாறையின் வெப்பத்தையும் விளக்குங்கள். பின்னர் வாளியை அவர்கள் கையில் கொடுத்து, உங்கள் ஊரில் இன்னும் நீர் அள்ள முடியாதவர் யார் என்று கேளுங்கள்.