குசினி மேசையில் ஒரு துப்பறிவாளர்

ஒரே வீட்டில் நாங்கள் ஐந்து பேர் இருக்கிறோம். நாலு பேருக்கு இரவு வேலை. சாண்ட்விச் பொதி செய்யும் தொழிற்சாலையில், ஓடுகிற 'பெல்ட்'டுக்கு முன்னால் எட்டு மணித்தியாலம் நின்று, மூடி போட்டு, லேபல் ஒட்டி, திகதி பார்க்கிற வேலை. ஐந்தாமவர் எங்களுக்கெல்லாம் மூத்தவர். அவருடைய கேஸ் இன்னும் முடியவில்லை. வேலை செய்ய அனுமதியும் இல்லை. ஆகவே நாங்கள் விடிய வந்து சேரும்போது சோறு வடித்து வைத்துவிட்டுக் காத்திருப்பவர் அவர்தான்.

எங்களில் ஒருவரும் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்தவரில்லை. எங்களில் மூன்று பேருடைய ஓ.எல். படிப்பு 2008இல் வன்னியில் இடம்பெயர்ந்த வழியில் புத்தகப் பையோடு போய்விட்டது. எனவே எழுத்தில் பிழையிருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

வேலை இல்லாதவருக்குப் பகல் மிக நீளம். அண்ணை பொழுது போக்க உள்ளூர் நூலகத்துக்குப் போகத் தொடங்கினார். (புதிதாக வந்தவர்கள் அறிந்திருக்க வேண்டும்: நூலகத்துக்குள் போய் இருக்கவும் வாசிக்கவும் ஒரு சதமும் கேட்கமாட்டார்கள்.) அங்கே அவர் எடுத்தது அகதா கிறிஸ்ரியின் மர்ம நாவல்கள். ஊரில் ராஜேஷ்குமாரின் நாவல்கள் அட்டை கழன்று, முதற்பக்கம் இல்லாமல் கைமாறி வரும். அந்த ருசி அவருக்கு விடவில்லை. பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்கு அரை மணித்தியாலம் செலவழித்து வாசிப்பார். காலையில் நாங்கள் சாப்பிடும்போது கதையைத் தமிழில் சொல்வார். கொலைகாரன் யாரென்று மட்டும் சொல்லமாட்டார். நித்திரை வராமல் கிடந்து யோசித்திருக்கிறோம்.

கதைகளைவிட அந்த அம்மா எப்படி எழுதினார் என்பதுதான் எங்களுக்குப் பெரிய புதினமாக இருந்தது. 1890இல் பிறந்து 1976இல் இறந்தவர். 66 துப்பறியும் நாவல்கள் எழுதியிருக்கிறார். இப்படியொருவருக்கு மாளிகையில் தனி எழுத்தறை இருந்திருக்கும் என்று நினைத்தோம். அப்படி ஒன்றும் நெடுங்காலம் இருக்கவில்லையாம். ஆடாத ஒரு மேசையும் தட்டச்சுப் பொறியும் போதும் என்றிருந்தார். படுக்கையறையில் முகம் கழுவும் பாத்திரம் வைக்கிற சலவைக்கல் மேசை, இல்லாவிட்டால் இரண்டு சாப்பாட்டு நேரத்துக்கு நடுவே சாப்பாட்டு மேசை. பத்திரிகைக்காரர் எழுதுமிடத்தில் வைத்துப் படம் எடுக்கவேண்டும் என்று கேட்டால் எதைக் காட்டுவது என்று அவருக்கே திண்டாட்டம். குளிக்கும் தொட்டிக்குள் கிடந்து அப்பிள் தின்றபடிதான் சதியெல்லாம் யோசிப்பாராம்.

குறிப்பெழுதியது சாதாரணப் பள்ளிக் கொப்பிகளில். 73 கொப்பிகள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றை ஆராய்ந்து ஜோன் கரன் என்பவர் 2009இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். ஒரு கொப்பியில் ஒரு கதை என்ற ஒழுங்கு கிடையாது. நஞ்சு பற்றிய குறிப்புக்குப் பக்கத்தில் கடைச் சாமான் பட்டியல் இருக்கும். கதை எந்தப் பக்கம் போகலாம் என்று ஏ, பி, சி என்று எழுத்துப் போட்டு வழிகளை அடுக்கி, ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு போவார். அண்ணைக்கு இது நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

அவர் துப்பறியும் கதை எழுதத் தொடங்கியதும் வேலைத்தலத்தில்தான். முதலாம் உலகப் போர்க் காலத்தில் தமது ஊரான ரோர்கீயில் முதலில் காயக்காரரைப் பார்க்கும் தாதியாக நின்றார். பிறகு மருந்து கலக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே சில நேரம் ஓய்வில்லாத வேலை, சில நேரம் சும்மா இருக்கவேண்டும். சுற்றிவர நஞ்சுப் போத்தல்கள். துப்பறியும் கதை எழுத உன்னால் முடியாது என்று தமக்கையார் முன்பு விட்ட சவால் மனதில் கிடந்தது. அப்படித்தான் 1916இல் 'ஸ்ரைல்ஸ்' மாளிகை மர்மக் கதை பிறந்தது. பாதியில் கதை இறுகிப்போய் நிற்க, இரண்டு கிழமை லீவு எடுத்து டார்ட்மூர் பக்கம் ஒரு ஹோட்டலுக்குப் போய், காலையில் கை உளையும்வரை எழுதுவதும், பின்னேரம் வெளியில் நடந்து பாத்திரங்களின் பேச்சைத் தனக்குள் பேசிப் பார்ப்பதுமாக முடித்தார். சில பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் 1920இல்தான் அது அச்சில் வந்தது. கைக்கு வந்த காசு 25 பவுண்.

மருந்து கலக்கப் பழகிய நாட்களில் நடந்த ஒரு சம்பவத்தை அவர் தமது வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். அவருக்குப் பழக்கிய மருந்தாளர் ஒருநாள் கணக்கில் தசமப் புள்ளியை இடம்மாற்றிப் போட்டுவிட்டார். மருந்து பத்து மடங்கு கூடிவிட்டது. பழகவந்த பெட்டை பெரியவரைப் பார்த்துப் பிழை என்று சொல்லலாமா? சொல்லவில்லை. தட்டைத் தற்செயலாகத் தட்டிவிட்டதுபோல நிலத்தில் விழுத்தி, போதாததற்குக் காலாலும் மிதித்துவிட்டார். இதைக் கேட்டு நாங்கள் சாப்பாட்டுக் கோப்பையோடு சிரித்த சிரிப்பு! ஒரு இரவு எங்கள் பெல்ட்டில் லேபலில் திகதி பிழையாக ஓடியது. சுப்பவைசரிடம் சொன்னவருக்கு, உன்னுடைய வேலையைப் பார் என்ற பதில்தான் கிடைத்தது. பிறகு நாலாயிரம் பெட்டி திரும்பி வந்தது. அன்று பேசாமல் ஒரு பெட்டியைக் கீழே விழுத்தி பெல்ட்டை நிற்பாட்டியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

இனி எங்களைத் தொட்ட இடத்துக்கு வருகிறோம். அந்த முதல் கதையில் துப்பறிகிறவர் புவாறோ. முட்டைத் தலை, முறுக்கிய மீசை. தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். அவர் யார் தெரியுமா? அகதி. ஜேர்மன் படை 1914இல் பெல்ஜியத்துக்குள் புகுந்தபோது ஏறக்குறைய இரண்டரை இலட்சம் பெல்ஜியர் கடல் கடந்து பிரித்தானியாவுக்கு வந்தார்கள். ரோர்கீயிலும் ஒரு தொகையினர் குடியிருந்தார்கள். அவர்களைக் கண்டுதான் அகதா கிறிஸ்ரிக்கு, ஓய்வுபெற்ற ஒரு அகதிப் பொலிஸ்காரரைத் துப்பறிய விட்டால் என்ன என்ற எண்ணம் வந்தது. கதையில் புவாறோ, இறந்துபோகிற சீமாட்டியின் தயவில் மற்றப் பெல்ஜியரோடு ஒரு சிறு வீட்டில் இருக்கிறார். ஐந்து பேருக்கு ஒரு குளியலறை என்று இருக்கிற எங்களுக்கு அந்த வீட்டை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

வந்த பெல்ஜியரில் பலர் குண்டு செய்யும் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். போர் முடிந்ததும் பெரும்பாலானோர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். போவதற்கு ரிக்கற்றும் கொடுத்தார்கள். புவாறோ மட்டும் அரை நூற்றாண்டுக்கு மேல் இங்கே நின்றார். எடுத்த எடுப்பிலேயே அவரை ஓய்வுபெற்ற கிழவராக ஆக்கியது தமது பெரிய பிழை என்று அகதா கிறிஸ்ரி பின்னால் சொன்னார். கணக்குப் பார்த்தால் நூறு வயதைத் தாண்டிவிடும். 1975இல் கடைசிக் கதையில் அவர் சாக, நியூயோர்க் ரைம்ஸ் முதற் பக்கத்தில் மரண அறிவித்தல் போட்டது. இல்லாத ஒரு அகதிக்கு!

"அவருக்கு ஆரடா விசா குடுத்தது?" என்று அண்ணை கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை.

அண்ணையின் கேஸ் முதலில் தள்ளப்பட்டதற்குச் சொன்ன காரணம் திகதி. முதல் நேர்முகத்தில் ஒரு மாதம் சொன்னார், அடுத்ததில் வேறு மாதம். ஆகவே முழுவதும் நம்பத் தகாதது என்று எழுதிவிட்டார்கள். பங்கருக்குள் கிடந்தவனுக்கு நாட்காட்டி எங்கே? நேர்முகம் செய்தவர் தன்னைப் புவாறோ என்று நினைத்திருக்கக்கூடும். ஆனால் அண்ணை சொல்கிறார், புவாறோவை ஒழுங்காக வாசித்தால் பாடம் மறுவளம் என்று. அந்தக் கதைகளில் மணி பிசகாமல், நிமிடத்துக்கு நிமிடம் கணக்குச் சொல்கிறவரில்தான் சந்தேகம் விழவேண்டும். குற்றமில்லாதவர் தடுமாறுவார், மறப்பார், வெட்கத்தில் ஒன்றை மறைப்பார், பயத்தில் பொய்யும் சொல்வார். அதையெல்லாம் பொறுமையாக வேறுபிரித்துப் பார்ப்பதுதான் துப்பறிகிறவரின் வேலை.

இதை அண்ணை தன் புது வழக்கறிஞரிடம் சொல்ல, அவர் சிரித்துவிட்டு, நினைவில்லாத திகதியை ஊகித்துச் சொல்லாமல் நினைவில்லை என்றே சொல்லுங்கள் என்றாராம். முதலிலேயே எவராவது இதைச் சொல்லியிருந்தால்! நேர்முகத்துக்குப் போக இருக்கிறவர்கள் தங்கள் வழக்கறிஞரிடம் இதை வாய்விட்டுக் கேட்கவும்.

இப்போது அண்ணையிடமும் ஒரு கொப்பி இருக்கிறது. சோறு வடித்தபின் குசினி மேசையைத் துடைத்துவிட்டு எழுதுகிறார். நாவல் அல்ல. நடுவில் கோடு கீறி, ஒரு பக்கம் 'நிச்சயம்', மறுபக்கம் 'ஐமிச்சம்'. இடையிடையே வெங்காயம், பருப்பு, பஸ் காசு. 1927இல், தாய் இறந்து, கணவரும் விலகி, காசுக்கு வழியில்லாத நேரத்தில், எழுத மனமே இல்லாமல் அகதா கிறிஸ்ரி 'நீல றெயில்' கதையை எழுதி முடித்தாராம். மனமில்லாவிட்டாலும் எழுதுவதுதான் தொழில் என்று அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டதாம். அண்ணைக்கும் எழுத மனமில்லாத நாட்கள் உண்டு. ஒரு வரி எழுதிவிட்டு வெளியில் போய் நிற்பார். நாங்கள் ஒன்றும் கேட்பதில்லை.

போன செவ்வாய் விடிய நாங்கள் சப்பாத்துக் கழற்றும்போதே கேட்டார்:

"எடேய், சுதந்திரபுரத்தாலை வெளிக்கிட்டது தை கடைசியோ, மாசி முதலோ?"

ஒருவர் தை என்றார். மற்றவர் மாசி என்றார். மூன்றாமவர், மாதம் தெரியாது, மழை விட்டிருந்தது, ஆனால் மண்மூட்டை இன்னும் ஈரம், தூக்க ஏலாமல் இருந்தது என்றார். அண்ணை கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு மண்மூட்டை ஈரம் என்பதை 'நிச்சயம்' பக்கத்திலும், மாதத்தை 'ஐமிச்சம்' பக்கத்திலும் எழுதிவிட்டு, கொப்பியை மூடி, எங்களுக்குச் சோறு போட எழும்பினார்.