அப்டேட் வராத போன்கள்

புது அன்ட்ரொய்ட் வந்திட்டுது எண்டு செய்தி வந்தால் எங்களுக்குள் எழும் முதல் கேள்வி: "எங்கட போனுக்கும் வருமோ?" மலிவு போன் எண்டால் பெரும்பாலும் வராது.

போனில் பிழையில்லை. திரையும் பற்றரியும் நல்லாத்தான் கிடக்கு. ஆனால் கூகுள் வெளியிடும் அன்ட்ரொய்டை ஒவ்வொரு மொடலுக்கும் பொருத்த, சிப் செய்யும் கம்பனியும் போன் செய்யும் கம்பனியும் மினக்கெட வேண்டும். மலிவு மொடலில் லாபம் குறைவு. அதனால் ஒன்றிரண்டு வருடத்தோடு கைவிட்டு விடுகிறார்கள்.

புதுத் தோற்றம் வராவிட்டால் பரவாயில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் நிற்பதுதான் சிக்கல். பிறகு செயலிகளும் ஒவ்வொன்றாகக் கைவிடும். 2025 இல் குரோம் அன்ட்ரொய்ட் 8, 9 இரண்டுக்கும் புதிய பதிப்புகளை நிறுத்தியது. எங்கட வங்கிக் கணக்கு, விரிவுரைக் குறிப்பு, வீட்டோடு கதைக்கிறது எல்லாமே இந்த ஒரு போனில்தான்.

2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, போன் மாற்றுவது பலருக்கு எட்டாக் கனவானது. நாங்கள் போனை வருடக்கணக்கில் வைத்திருப்பது ஆசைக்கு இல்லை, வழியில்லாமல். அதிக காலம் பாவிக்கிறவர்களுக்கே குறைந்த காலப் பாதுகாப்பு என்பது என்ன நியாயம்?

முடியாத காரியமுமில்லை. 2023 இல் வந்த விலைகூடிய பிக்சல் 8க்கு 7 வருட அப்டேட் உறுதி. 2024 இல் வந்த விலைகுறைந்த கலக்ஸி ஏ16க்கும் 6 வருடம். மனம் வைத்தால் மலிவு போனுக்கும் தரலாம்.

கடையில் கமரா எத்தனை மெகாபிக்சல் எண்டு கேட்கிறோம். அப்டேட் எத்தனை வருடம் எண்டும் கேட்போம். விலையில் அதுவும் சேர்த்திதான்.