கல்லுக்கு ஓர் இடம்

மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகிறது. மலேசியாவின் பெக்கோக் ஊரில், கடைவரிசையின் கூரைகளிலிருந்து இன்னும் சொட்டுகிறது. செம்பனைக் குலைகளைக் குவித்து ஏற்றிய லாரி ஒன்று லாபிஸ் பக்கம் போகிறது. அதன் பின்னால் கண்ணாடி வரை சேறு அப்பிய ஃபோர்வீல் வண்டி வருகிறது. எண்டாவ் ரொம்பின் காட்டின் செலாய் வாசலுக்கு இந்த ஊரைத் தாண்டித்தான் போகவேண்டும். காட்டிலிருந்து திரும்புகிறவர்கள் போலிருக்கிறது.

சனிக்கிழமை. தோட்டங்களிலிருந்து சாமான் வாங்க வந்த குடும்பங்கள் கடைகளுக்குள் இருக்கின்றன. பிள்ளைகள் வெளியே, கடைமுன் நடைபாதையான அஞ்சடியில். ஒட்டுக்கடையில் தே தாரேக் வாங்கிக்கொண்டு அவர்களைப் பார்க்கும்படி உட்கார்கிறேன்.

ஐந்து பேர். இரட்டைச் சடை போட்ட பத்து வயதுக்காரி. அவள் இடுப்பு உயரத்தில் ஒரு தங்கை, கையில் மைலோ பொட்டலம். ஜொகூர் டாருல் தாசிம் கால்பந்துக் குழுவின் சட்டை போட்ட மலாய்ப் பையன். இரும்புச் சாமான் கடைக்காரரின் மகன், சீனப் பையன். ஐந்தாமவன் யாருக்கும் தெரியாதவன். தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். எந்தத் தோட்டமோ. பேச்சு மலாயில் நடக்கிறது. கோபம் வந்தால் அவரவர் வீட்டு மொழி.

"நீயும் வா," என்கிறாள் சடைக்காரி. அவன் தூணை விட்டு வருகிறான்.

ஓடிப் பிடிக்கும் ஆட்டம். யார் பிடிப்பது என்று முதலில் தெரிய வேண்டும். ஐந்து கைகள் நடுவில் கூடி ஆடுகின்றன. "ஓ... சோம்!" சில கைகள் உள்ளங்கை தெரிய, சில புறங்கை தெரிய நிற்கின்றன. எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கத்தார் தப்பித்தார்கள். தமிழ்நாட்டில் பிள்ளைகள் 'சாட் பூட் த்ரி' என்று கத்திச் செய்வதும் இதுதான். அங்கே தப்பித்தவன் 'பழம்'. இங்கே தப்பித்தவன் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டு விலகுகிறான்.

கடைசியில் இருவர் மிஞ்சினால் வட்டம் போதாது. அப்போது "வான் தூ சோம்!"

கத்தரிக்கோலும் காகிதமும் இந்த ஆட்டத்தில் கிடையாது. ஐந்து விரல் நுனிகளும் குவிந்தால் பறவையின் அலகு. மூடிய கை கல். மலர்ந்த கை தண்ணீர். பறவை தண்ணீரைக் குடித்துவிடும். கல் பறவையை அடித்துவிடும். தண்ணீரில் கல் மூழ்கிவிடும். 2023 மார்ச்சில் இந்த ஊர் இருக்கும் சிகாமட் மாவட்டத்தையே வெள்ளம் சூழ்ந்தது. தண்ணீர் கல்லை வெல்லும் என்பதை இந்தப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சின்னவள் எப்போதும் கல்தான் போடுகிறாள். கையை மூடுவது ஒன்றுதான் அவளுக்கு வேகமாக வருகிறது. எல்லாருக்கும் இது தெரியும். அக்காளோடு மோதும்போது அக்காளின் விரல்கள் அலகாகக் குவிகின்றன. கல் பறவையை அடித்தது! சின்னவள் மைலோ சிந்தக் குதிக்கிறாள். மலாய்ப் பையனும் ஒருமுறை அவளுக்காகப் பறவை போடுகிறான்; அதை யாரும் கவனிக்காதபடி வேறுபக்கம் பார்த்துக்கொள்கிறான்.

பக்கத்து மேசையில் ஒரு பெரியவர். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தைக் கடைக்கார அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். "எங்களுக்குக் கொட்டைதாம்மா. பால்மரக் கொட்டைய ஒண்ணு மேல ஒண்ணு வச்சு உள்ளங்கையால ஓங்கி அடிக்கணும். ஒடைஞ்ச கொட்டைக்காரன் தோத்தான். இல்லன்னா கைக்குள்ள மூடிக்கிட்டு, ஒத்தையா ரெட்டையா." அவர் தகப்பனாருக்கு ஊரில் அது புளியங்கொட்டையாக இருந்திருக்கும். கப்பலேறி வந்த ஆட்டம் இங்கே கிடைத்த கொட்டையை எடுத்துக்கொண்டது. இப்போது ரப்பர் நின்ற நிலமெல்லாம் செம்பனை. பிள்ளைகளின் கையில் கொட்டை இல்லை, கை மட்டும் இருக்கிறது.

அஞ்சடியில் சத்தம் கூடுகிறது. சீனப் பையன் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டியிருக்கிறான். "பிஸ்தோல்!"

"மானா ஆசி!" செல்லாது என்று மூன்று குரல்கள்.

அவன் விளக்குகிறான். துப்பாக்கி பறவையைச் சுடும். கல்லையும் உடைக்கும். தண்ணீரில் விழுந்தால் மட்டும் கெட்டுப்போகும். பேசிப் பார்க்கிறார்கள். சேர்த்துக்கொள்கிறார்கள். புதுக்கை வந்த மகிழ்ச்சியில் ஆளாளுக்குத் துப்பாக்கி நீட்டுகிறார்கள்.

சின்னவள் கல் போடுகிறாள். தோற்கிறாள். பிடிக்க ஓடுகிறாள். திரும்பி வந்து மறுபடி கல். மறுபடி தோல்வி. பறவையைக் காட்டுவார் யாருமில்லை. அவளைத் தவிர வேறு யார் கையும் இப்போது மூடுவதுமில்லை.

நான்காவது கையால் நேர்ந்தது அது. துப்பாக்கி கல்லையும் வெல்லும். கல் எதை வெல்லுமோ அந்தப் பறவையையும் வெல்லும். பிறகு கல்லைக் காட்டுவானேன்? ஜெர்மனியிலும் பிரான்சிலும் பிள்ளைகள் கிணறு என்றொரு கையைச் சேர்த்து ஆடுகிறார்கள். கல்லும் கத்தரிக்கோலும் கிணற்றில் விழும். காகிதம் கிணற்றை மூடும். அங்கும் இதே கதைதான். கிணறு வந்ததும் கல்லுக்கு வேலை போய்விடுகிறது. நான்கு கைகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் எதிரிகள் மூன்று. மூன்றைச் சரிபாதியாகப் பிரிக்க வழியில்லை. யாரோ ஒருவருக்குக் குறையத்தான் செய்யும்.

சின்னவள் மைலோ பொட்டலத்தைப் படியில் வைக்கிறாள். "நா வரல்ல." உதடு பிதுங்குகிறது.

அக்காள் ஏதோ சொல்ல வாய் திறக்கிறாள். அதற்குள் தூணருகே நின்ற பையன், இதுவரை அதிகம் பேசாதவன், கையைக் கவிழ்த்து நீட்டுகிறான். "எங்க எடத்துல பலகை இருக்கு."

"பலகை என்னா செய்யும்?"

"தண்ணில மெதக்கும். குண்டத் தடுக்கும்."

"அப்போ பலகைய யாரு ஜெயிப்பா?"

அவன் சின்னவளைப் பார்க்கிறான். "கல்லு. மேல போட்டா ஒடைஞ்சிரும்."

பறவை? பலகையில் உட்காரும், எச்சமிடும், ஆகவே பறவைக்கு வெற்றி. இதைத் தீர்மானிக்க நடக்கும் வாதம் ஆட்டத்தைவிட நீளம். தண்ணீருக்கும் பலகைக்கும் விரித்த கைதானே, எப்படி அடையாளம் தெரியும்? மலர்ந்தால் தண்ணீர், கவிழ்ந்தால் பலகை. மூன்று மொழிகளில் பேசி முடிவாகிறது.

விரல் விட்டு எண்ணிப் பார்க்கிறேன். ஐந்து கைகள், பத்து மோதல்கள். ஒவ்வொரு கைக்கும் இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி. இம்மி பிசகவில்லை. அந்தப் பையன் கணக்குப் போட்டிருக்கமாட்டான். கல்லுக்கு வெல்ல ஒன்று வேண்டும் என்பது மட்டும் அவனுக்குப் பட்டிருக்கிறது.

கடலுக்கு அப்பால் இந்தோனேசியாவில் பிள்ளைகள் கட்டை விரலை யானை என்பார்கள், ஆள்காட்டி விரலை மனிதன் என்பார்கள், சுண்டு விரலை எறும்பு என்பார்கள். யானை மனிதனை மிதிக்கும், மனிதன் எறும்பை நசுக்குவான், எறும்பு யானையின் காதுக்குள் புகுந்து அதை வீழ்த்தும். சுண்டு விரலிடம் தோற்கும் கட்டை விரல்! இந்தச் சுற்று பிள்ளைகளின் ஆட்டத்தில் மட்டுமில்லை. கலிஃபோர்னியாவில் ஒருவகைப் பல்லியினத்தில் ஆண்களின் தொண்டை ஆரஞ்சு, நீலம், மஞ்சள் என மூன்று நிறத்தில் இருக்கும். ஆரஞ்சு நீலத்தின் இடத்தைப் பறிக்கும். நீலம் மஞ்சளைத் தடுத்துவிடும். மஞ்சள் ஆரஞ்சின் எல்லைக்குள் நைசாக நுழைந்துவிடும். பேரி சினெர்வோவும் கர்டிஸ் லைவ்லியும் 1996இல் இதை எழுதினார்கள். எந்த நிறமும் நிரந்தரமாக வெல்லாததால்தான் மூன்று நிறமும் பிழைத்திருக்கின்றன.

சமய வகுப்பு முடிந்த பிள்ளைகளை இறக்கிவிட்டு ஒரு வேன் நகர்கிறது. நெற்றியில் திருநீற்றோடு ஏழெட்டுப் பேர் அஞ்சடிக்கு ஓடி வருகிறார்கள். இத்தனை பேருக்கு வட்டம் கட்டாது. சடைக்காரி கை தட்டுகிறாள். "ரயிலு!"

இருவர் இருவராக மோதுகிறார்கள். தோற்றவர் வென்றவரின் தோளைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு வென்றவரும் வென்றவரும். ஒரு ரயில் தோற்றால் அதன் எல்லாப் பெட்டிகளும் அடுத்ததன் பின்னால் சேரும். ஜப்பானின் பாலர்பள்ளிகளிலும் இப்படி ரயில் ஓடுகிறது. இந்த ஆட்டத்தில் யாரும் வெளியே நிற்பதில்லை.

சின்னவள் முதல் மோதலிலேயே கல் போட்டுத் தண்ணீரிடம் தோற்கிறாள். திருநீறு பூசிய ஒரு பையனின் தோள் எட்டாமல் சட்டையைப் பிடித்துக்கொள்கிறாள். வரிசை நீள நீள அவள் சிரிப்பும் நீள்கிறது. கடைசி மோதலில் தூணருகே நின்ற பையனும் கடைக்காரர் மகனும் எதிரெதிர். பலகையும் துப்பாக்கியும். பலகை வென்றது. துப்பாக்கிக்காரன் "லகி!" என்று இன்னோர் ஆட்டம் கேட்டுக் கத்திக்கொண்டே அவன் தோளில் கை போடுகிறான். ரயில் கடைவாசல்களை இடித்துக்கொண்டு ஓடுகிறது.

அடுத்த சனிக்கிழமை வேறொரு பிள்ளை வேறொரு கையோடு வரலாம், விதியும் மாறலாம். நடுவர் இல்லை, பரிசு இல்லை. எல்லாக் கைகளும் ஒரே நொடியில் எல்லார் கண்ணுக்கும் தெரியத் திறக்கின்றன. ஒருவர் தொடர்ந்து தோற்றால் ஆட்டம்தான் சரியில்லை என்று அவர்களே கண்டுபிடித்து, அவர்களே திருத்துகிறார்கள். இந்த அறிவு வகுப்பில் கிடைப்பது அரிது. இதற்குப் பெரியவர்கள் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். சாமானைக் கொஞ்சம் மெதுவாக வாங்கலாம். மைலோ சிந்தியதற்கு அதட்டாமல் இருக்கலாம். "மானா ஆசி" என்ற சத்தம் கேட்டதும் நியாயம் சொல்ல எழுந்து போகாமல், அவர்கள் பேசித் தீர்க்கும்வரை காத்திருக்கலாம்.