மகிழ்ச்சியும் அடிப்படைத் தேவைதான்

முதலில் வேலை, பிறகு வீடு, பிள்ளைகளின் படிப்பு. மகிழ்ச்சியெல்லாம் மிச்சம் மீதி இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். இந்த வரிசை தவறு என்பேன். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையையும் அதே வட்டாரத்துப் பழவேற்காடு ஏரியையும் சேர்த்து வைத்து யோசித்தால் இது விளங்கும். முதலில் ஆலையைப் பார்ப்போம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தொழிலாளர்களுக்கு வாரத்துக்கு ஒருநாள் விடுமுறையைக் கட்டாயமாக்கியது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைக்குக் கேன்டீனையும், 150 பேரைத் தாண்டினால் ஓய்வறையையும் விதித்தது. உலைச் சூட்டில் ஒரு ஷிப்ட் முழுக்க நின்றவரின் உடம்பு என்ன கேட்கும் என்பதைச் சட்டம் உணர்ந்திருந்தது. அவர் மனம் கேட்பதை மட்டும் அவரவர் பாடு என்று விட்டுவிட்டோம்.

அந்த மனத்துக்குத் தருவதற்குப் பழவேற்காட்டில் நிறைய இருக்கிறது. சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர்க் காயல் இது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி நம்மிடம். குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். ஆழமில்லாத நீரில் நின்று, தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்றுநீரை உறிஞ்சி வடிகட்டித் தின்னும். சிறகை விரிக்கும்போதுதான் உள்ளே ஒளிந்திருந்த சிவப்பும் கறுப்பும் தெரியும். கரையில் நின்று பார்க்கக் காசு வேண்டாம்.

பசித்தவனுக்குப் பறவையா சோறு போடும் என்று கேட்பார்கள். போடாதுதான். ஆனால் பூநாரைக்கு இரை தரும் அதே ஆழமற்ற நீர்தான் இறாலையும் நண்டையும் மடவையையும் வளர்க்கிறது. அந்த நீரைப் ‘பாடு’ முறையில் பங்கிட்டு, முறைவைத்து வலைவிடும் மீனவக் குடும்பங்கள் அதை நம்பித்தான் இருக்கின்றன. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் பறவைக்கும் கேடு, வலைக்கும் கேடு. வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்குக்கு இவ்வளவு பேச்சு எதற்கு என்பது இன்னொரு கேள்வி. வசதி உள்ளவருக்கு ஊட்டி இருக்கிறது, கொடைக்கானல் இருக்கிறது. நாலைந்து பேராக ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கும் தொழிலாளிக்குப் பக்கத்தில் இருப்பதுதான் எல்லாம். அதைக் கெடுத்துவிட்டால் அவருக்கு மாற்று கிடையாது. மகிழ்ச்சியை அளக்க முடியாதே என்றால், வார விடுமுறை தரும் நிம்மதியைத்தான் எந்தத் தராசில் நிறுத்தோம்? தேவை என்று ஒப்புக்கொண்டோம், சட்டத்தில் எழுதினோம். அதேபோல, இந்த வட்டாரத்தில் அடுத்த தொழிற்பேட்டைக்குத் திட்டம் போடுகிறவர்கள் சாலை, மின்சாரம், தண்ணீர் என்று எழுதும் அதே தாளில் ஏரியின் முகத்துவாரத்தையும், தொழிலாளர் குடும்பங்கள் அங்கே போய்வர ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேருந்தையும் எழுத வேண்டும்.