விக்கின்ஸ் மாறினாரா?



ஆறாம் வகுப்பில் நான்தான் முதல் ரேங்க். இப்போது பதினான்காவது. போன பரீட்சை ரேங்க் கார்டில் "திறமை உண்டு, முயற்சி இல்லை" என்று எழுதியிருந்தது. அதைப் படித்த எங்க அண்ணன், "விக்கின்ஸைப் பத்தியும் இதையேதான் சொன்னாங்க" என்றான். அண்ணன் ஒரு கூடைப்பந்து பைத்தியம். அமெரிக்காவின் என்.பி.ஏ. ஆட்டங்களை செல்போனில் விடாமல் பார்ப்பான். "அது யாருண்ணே?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஆண்ட்ரூ விக்கின்ஸ் கனடா நாட்டுக்காரர். அவர் அப்பாவும் என்.பி.ஏ.வில் ஆடியவர். அம்மா 1984 ஒலிம்பிக் தொடர் ஓட்டங்களில் இரண்டு வெள்ளிப் பதக்கம் வாங்கியவர். 2014ல் என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் இவர்தான். அடுத்த வருடமே சிறந்த புதுமுக வீரர் விருதும் கிடைத்தது.

2016-17ல் மினசோட்டா அணிக்காக ஆட்டத்துக்குச் சராசரி 23.6 புள்ளி எடுத்தார். ஆனாலும் குறை சொன்னார்கள். உயரம் இருக்கு, தாவல் இருக்கு, ஆனா தடுத்து ஆடுவதில் மனசு வைக்கிறதில்லை என்று பேச்சு. அவர் அங்கே இருந்த ஐந்தரை வருடத்தில் அணி ஒரே ஒரு முறைதான், 2018ல், பிளே-ஆஃப் சுற்றுக்குப் போனது.

2020 பிப்ரவரியில் அவரை கோல்டன் ஸ்டேட் அணிக்கு மாற்றிவிட்டார்கள். 2022ல் முதல் தடவையாக ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். அதே வருடம் பாஸ்டனுடன் இறுதிப்போட்டி. நாலாவது ஆட்டத்தில் 16 ரீபவுண்டு. அதாவது கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்தைத் தாவிப் பிடிப்பது. ஐந்தாவது ஆட்டத்தில் 26 புள்ளி, 13 ரீபவுண்டு. எதிரணியின் பெரிய ஆட்டக்காரர் டேட்டமை மறிக்கும் வேலையும் பெரும்பாலும் அவருக்குத்தான். 4-2 என்று கோப்பை கிடைத்தது.

"பாத்தியாண்ணே, மாறிட்டாரு!" என்றேன். அண்ணன் ஒத்துக்கவில்லை. "ஸ்டீபன் கரி மாதிரி ஆளு கூட இருந்தா யாரு வேணாலும் ஆடலாம். அணிதான் மாறுச்சு, அவன் மாறல" என்றான்.

எனக்கு ரெண்டு நாள் அதே யோசனை. அண்ணன் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. நல்ல அணி, நல்ல துணை கிடைத்ததால் எல்லாப் புள்ளியையும் தானே எடுக்கணும் என்ற பாரம் அவருக்கு இல்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். கோப்பை வாங்கிய அந்தப் பருவத்தில் அவருடைய சராசரி 17.2 புள்ளிதான். முன்னைவிடக் குறைவு! அப்படியும் எல்லோரும் முன்னேறிவிட்டார் என்றார்கள். ஏனென்றால் முன்பு செய்யாமல் விட்ட வேலையைச் செய்தார். திரும்பி வரும் பந்துக்குக் கரி வந்து தாவித் தர முடியுமா? அவர் கால்தானே தாவ வேண்டும்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023-24ல் அவர் சராசரி 13.2 ஆக இறங்கியது. 2025 பிப்ரவரியில் மயாமி அணிக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு தடவை முன்னேறினால் அப்படியே நின்றுவிடாது போலிருக்கிறது. சாணி தெளித்துக் கோலம் போட்ட வாசலை மறுநாளும் பெருக்கத்தானே வேண்டும்!

அதனால் நான் அடுத்த பரீட்சையில் முதல் ரேங்க் வாங்குவேன் என்று சபதம் போடவில்லை. கணக்கு நோட்டில் கஷ்டம் என்று விட்டுவிட்ட கணக்குகளை எண்ணிப் பார்த்தேன். முப்பத்தி ஒன்று இருக்கிறது. தினமும் இரண்டு போடப் போகிறேன். புரியாவிட்டால் என் பக்கத்தில் உட்காரும் தோழியைக் கேட்பேன், அவள் எனக்குக் கரி மாதிரி. ஆனால் பென்சிலை நான்தான் பிடிக்க வேண்டும்.

"மாட்டாண்டி" என்கிறான் அண்ணன் இன்னமும். பார்க்கலாம்!

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி