மழை இறங்கும் வழி: செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை

சென்னையிலிருந்து தெற்கே போகும் ரயில் பரனூரைத் தாண்டியதும், ஜன்னலோரம் இருப்பவர்கள் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்துவார்கள். கொளவாய் ஏரி! ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்திருந்தால் தண்ணீர் கரை முட்ட நிற்கும். பின்னால் குன்றுகள்.

செங்கல்பட்டை 'ஏரிகள் மாவட்டம்' என்று சும்மா சொல்லவில்லை. மேலே ஓர் ஏரி நிரம்பினால், கலங்கல் வழியாக வழிந்து கீழே இருக்கும் ஏரிக்குப் போகும். அதுவும் நிரம்பினால் அடுத்தது. கொளவாயின் உபரி நீர் நீஞ்சல் மடுவு வழியாகப் பாலாற்றில் போய்ச் சேர்கிறது. ஏரி வெட்டியவர்கள் தண்ணீரைத் தேக்குவதோடு நிற்கவில்லை. மிஞ்சினால் எந்தப் பக்கம் வெளியேற வேண்டும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்தார்கள். அதுதான் கலங்கல். இன்று அதே சரிவுகளில் வீடு கட்டும் நாம் அக்கினி மூலை எது, வாசற்படி எந்தத் திசை என்று பத்து முறை கேட்கிறோம். மழை எந்தப் பக்கம் போகும் என்று ஒரு முறையாவது கேட்கிறோமா?

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் சாலை சுமார் 30 கிலோமீட்டர்தான். கிழக்குக் கடற்கரைச் சாலை அளவுக்குப் பெயர் பெற்றதில்லை. ஆனால், மழைக்காலத்தில் பார்க்க வேண்டிய சாலை இதுதான் என்பேன். ஊரைத் தாண்டியதும் வல்லம். சிறு குன்று ஒன்றில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் குடைவரைக் கோயில் இருக்கிறது. படியேறி நின்று பார்த்தால் நிலம் எந்தப் பக்கம் சாய்கிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று வரைபடம் போலத் தெரியும். புதிய வீட்டு மனைகளும் தெரியும். சரிவில் கல் நட்டு, வண்ணக் கொடி கட்டியிருப்பார்கள்.

என் அத்தை வீடு இந்தப் பக்கம் ஒரு குன்றின் அடிச்சரிவில் இருக்கிறது. குடிபோன முதல் மழைக்காலத்திலேயே தண்ணீர் வந்துவிட்டது. வாசல் வழியாக அல்ல, சமையலறைப் பின்சுவரும் தரையும் சேரும் இடத்தில் கசிந்தது. மழை விட்டு மூன்று நாள் ஆகியும் நிற்கவில்லை. இங்கே பல இடங்களில் மேல்மண் கொஞ்சம்தான், அடியில் பாறை. மண்ணில் இறங்கிய நீர் பாறையைத் தொட்டதும் அதன் மேலேயே சரிவில் நகர்ந்து, முதலில் எதிர்ப்படும் அஸ்திவாரத்தில் முட்டும். வெயில் அடித்த பிறகும் கசிந்தது அதனால்தான்.

யாரோ சொன்னார்கள் என்று மாமா வீட்டுக்குப் பின்னால் உயரமாக ஒரு மதில் எழுப்பினார். அடுத்த மழையில் அந்த மதிலே அணையாகி, தண்ணீர் இடுப்பளவு தேங்கியது. மதில் வீட்டுப் பக்கம் சாயத் தொடங்கியது. பார்க்க வந்த வயதான கொத்தனார் ஒரே வாக்கியம்தான் சொன்னார்: "தண்ணிய நிறுத்தாதீங்கம்மா, திருப்பி விடுங்க."

அவர் செய்தது பெரிய வித்தை இல்லை. மதிலின் அடிப்பகுதியில் ஐந்தடிக்கு ஒன்றாகத் துளையிட்டுக் குழாய்த் துண்டுகளைச் செருகினார். அதன் பின்புறம் மண்ணை எடுத்துவிட்டு ஜல்லி நிரப்பினார். நீர் வடிந்ததும் மதில் மீதான அழுத்தம் குறைந்துவிட்டது. பிறகு மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவே, வீட்டிலிருந்து பத்தடி தள்ளி, ஒன்றரை அடி அகலத்தில் ஒரு வாய்க்கால். பாறை தட்டுப்படும் வரை தோண்டி, ஓட்டை போட்ட பிவிசி குழாயைப் பதித்து, மேலே ஜல்லி. குழாய்க்கு நூறு அடிக்கு ஓர் அடி வாட்டம். தலைகீழான 'ப' மாதிரி அது வீட்டை மேல்பக்கம் அணைத்து, இரண்டு பக்கமும் கீழே இறங்குகிறது. வீட்டைச் சுற்றியிருந்த தரையையும் சுவரிலிருந்து வெளிப்பக்கம் சாய்வாக மாற்றினார். பத்தடிக்கு அரை அடி இறக்கம் இருந்தால் போதும். கீழ்ப்பக்கம் ஒரு உறிஞ்சு குழி. அது நிரம்பினால் வழிந்து தெரு வாய்க்காலுக்குப் போக ஒரு திறப்பு. கேட்டால், "கலங்கல் இல்லாம குழி எதுக்கு?" என்றார். மண் அரிக்கும் இடத்தில் வெட்டிவேர் நடச் சொன்னார். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராக ஆழத்துக்கு இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

மொட்டைமாடித் தண்ணீரை மட்டும் அந்த வாய்க்காலில் விட அவர் சம்மதிக்கவில்லை. தனிக் குழாய் வைத்துத் தொட்டிக்குக் கொண்டுபோனார். காரணம் இருக்கிறது. 1,000 சதுர அடி மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். அப்படியொரு மழையில் ஒரே ஒரு மாடியிலிருந்து மட்டும் 45,000 லிட்டர் இறங்கும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி என்றால் ஏறக்குறைய நான்கு லாரி! அவ்வளவையும் சுவரோரம் கொட்டினால் எந்த அஸ்திவாரம் தாங்கும்?

பிறகுதான் தெரிந்தது, அந்த மனைகளின் குறுக்கே பழைய ஓடை ஒன்று இருந்திருக்கிறது. மனை போட்டவர்கள் மண்ணைக் கொட்டி மூடிவிட்டார்கள். சரிவில் மனை வாங்கப் போகிறவர்கள் பட்டாவோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். புலப்படத்தையும் கிராமத்தின் 'அ' பதிவேட்டையும் பாருங்கள். பக்கத்து சர்வே எண்ணில் 'வாய்க்கால் புறம்போக்கு' என்று இருந்தால், அது இப்போது எங்கே ஓடுகிறது என்று நேரில் போய்க் கேளுங்கள். ஆடு மேய்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

திருக்கழுக்குன்றத்தில் மலைமேல் வேதகிரீஸ்வரர், ஊருக்குள் பக்தவத்சலேஸ்வரர், அருகில் சங்கு தீர்த்தம். உச்சிப்பொழுதில் கழுகுகள் வந்து உணவு வாங்கிய காலம் முடிந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். மழை விட்டதும் ஏறினால் ஒரு விஷயம் கண்ணில் படும். வழுவழுப்பான பாறையில் சரசரவென்று ஓடி வரும் நீர், படிகளில் விழும்போது தடுக்கித் தடுக்கி வேகம் குறைகிறது. வீட்டு வாசலில் கார் ஏற சிமென்ட் சாய்தளம் போடுகிறோமே, அது அந்த வழுவழுப்பான பாறை மாதிரிதான். தெரு உயரத்திலும் வீடு பள்ளத்திலும் இருந்தால், சாய்தளம் முடியும் இடத்தில் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டி இரும்புக் கிராதி போடுங்கள். கார் நிறுத்தும் இடம் குளமாகாது.

அங்கிருந்து மாமல்லபுரம். ஏழாம் நூற்றாண்டின் அந்தப் பெரிய புடைப்புச் சிற்பத்தை அர்ச்சுனன் தபசு என்பார்கள். பகீரதன் தவம் என்பவர்களும் உண்டு. இரண்டு பாறைகளுக்கு நடுவே இயற்கையான பிளவு, அதில் நாகர்கள். எல்லோரும் யானையையும் தவம் செய்யும் பூனையையும் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பிளவுக்கு நேர் மேலே, பாறை உச்சியில் தொட்டி இருந்த அடையாளம் உண்டு. விசேஷ நாள்களில் அங்கிருந்து நீரைத் திறந்து, கங்கை இறங்குவது போலப் பிளவில் வழியவிட்டிருப்பார்கள் என்பது ஆய்வாளர்களின் கருத்து. கதையை யோசித்துப் பாருங்கள். கங்கை நேராக விழுந்தால் பூமி தாங்காது என்பதால் சிவன் சடையில் தாங்கி, சிறுகச் சிறுக விடுகிறார். கொத்தனார் ஜல்லி கொட்டியதும் ஏறக்குறைய அதற்காகத்தான்.

குன்றின் மேல் ஏறினால் பாறையில் வெட்டிய வட்டத் தொட்டியும் சுனைகளும் இருக்கின்றன. பாறை ஒரு சொட்டையும் உறிஞ்சாது. பிடித்து வைத்தால்தான் உண்டு.

கடலோரம் கதையே வேறு. கோவளத்திலிருந்து இங்கே வரை ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பக்கிங்காம் கால்வாய், நடுவில் மணல் மேடு. மணல் மழையை உடனே குடித்துவிடும், அடியில் உப்பு நீருக்கு மேலே நல்ல நீர் மிதக்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல நீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடி வரை உப்பைத் தள்ளி வைக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. குன்றடியில் தண்ணீரைத் திருப்பிவிட வாய்க்கால் வேண்டும். இங்கே அதை இறங்கவிட்டாலே போதும். ஆனால், ஓய்வு வீடு கட்டுகிறவர்கள் மணல்மேட்டைச் சமப்படுத்தி, வாசல் முழுக்க சிமென்ட் கல் பதித்து, மழைநீரைக் குழாய் வைத்துச் சாலைக்கு அனுப்புகிறார்கள். 2003-லிருந்து தமிழகம் முழுக்க எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். சித்திரையில் அதே வீடுகளின் வாசலில் தண்ணீர் லாரி நிற்கிறது. கிணற்றில் நீர் இருக்கிறதே என்று ஒரு வீட்டுக் காவலரிடம் கேட்டேன். "இருக்கு சார், வாயில வைக்க முடியாது" என்றார்.